உரித்தால் வந்துவிடும்

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, நானும் போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மருதாணி வைத்துக்கொண்டவன் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். மணி இரண்டு பத்து, மாமனார் மூன்றரைக்கு வருகிறார், கார் கறுப்பாக இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் மாற்ற முடியாது என்பதுதான் இப்போதைய நிலவரம். காலையில் பத்து மணி வரைக்கும் இது பச்சைக் கார். பச்சை என்றால் நாலு பேர் வைத்திருக்கிற பச்சை இல்லை, கிளிப்பச்சை, தெருமுனையில் திரும்பும்போதே அடுத்த தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிற பச்சை. பத்தரைக்கு முதல் பூச்சு, பதினொன்றுக்கு இரண்டாவது, பன்னிரண்டுக்கு மூன்றாவது. இது நிஜமான பெயிண்ட் கூட இல்லை, ரப்பர். டப்பாவில் அடைத்து வருகிற ரப்பர் தண்ணி. தலையை அமுக்கினால் புஸ்ஸென்று அடிக்கும், காய்ந்ததும் காரின் மேல் ஒரு தோலாக உட்கார்ந்துகொள்ளும், வேண்டாம் என்றால் ஒரு மூலையில் நகத்தை விட்டுத் தூக்கி இழுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும், அடியில் பழைய காரும் பழைய நிறமும் என்னுடைய பழைய மானமும் அப்படியே இருக்கும். வந்துவிடும் என்றுதான் வீடியோவில் அந்தத் தாடிக்காரன் சொன்னான். ‘புடிக்கலையா, உரிச்சுப் போட்டுருங்க ப்ரோ’ என்று சிரித்துக்கொண்டே ஒரு முழுக் கதவை உரித்துக் காட்டினான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நாற்பத்தேழு வயதில் நான் முதன்முதலாக ஒரு காரியம் செய்தேன். திரும்பி வர வழி இருக்கிற காரியம் என்பதால் செய்தேன். வழி இல்லையென்றால் செய்திருக்க மாட்டேன், அது எனக்கே தெரியும்.

ஒன்றே முக்காலுக்குத்தான் பூங்கோதை போன் பண்ணினாள். மாமனாருக்கு நேற்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள், முந்தாநாளே உடுமலைக்குப் போன பூங்கோதை அங்கிருந்தே அவரைக் கூட்டிப் போனாள், ராத்திரி மகளும் அப்பாவும் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார்கள், இன்றைக்குக் கட்டைப் பிரித்ததும் இரண்டு பேரும் அப்படியே உடுமலைக்குக் கிளம்பிவிடுவார்கள், திங்கட்கிழமைதான் பூங்கோதை திரும்புவாள் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் மேல்தான் என் ஏற்பாட்டைக் கட்டியிருந்தேன். “ஏனுங்க, சாப்டீங்களா?” என்றாள். ம் என்றேன். “அப்பாவுக்குக் கட்டு அவுத்துட்டாங்க. நல்லாத் தெரியுதுங்கறாரு. நர்ஸம்மா மூக்குத்தியில எத்தன கல்லுன்னு எண்ணிச் சொல்றாருங்க” என்றாள். நல்லதாப் போச்சு என்றேன், மனசாரத்தான் சொன்னேன். “ஊருக்கு இன்னைக்கு வேண்டாமாமுங்க. நம்மூட்டுக்கு வர்றேங்கறாரு. புதுக் கண்ணுல மொதல்ல அந்தக் காரத்தான் பாக்கோணுமாமுங்க. டாக்சி சொல்லிருக்குது, மூணரைக்கெல்லாம் வந்துருவோம். காரு சர்வீஸ்ல இருந்து வந்துருச்சுங்களா?” வந்துருச்சு என்றேன். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாமல் போனதற்காகச் சொன்ன பொய் அது, சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்று, நான் பாட்டுக்குப் போர்டிகோவில் காரைக் கழுவித் துடைத்துக் கண்ணாடிக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் ஓடிப் போய் டிக்கி ஓரத்தில் நகத்தை விட்டேன். வந்தது. கடுகளவு வந்தது. இன்னொரு பக்கம் தூக்கினேன், அங்கேயும் கடுகளவு. கால் மணி நேரம் சுரண்டியதில் ஒரு உள்ளங்கை அளவு பச்சையும், பத்து நகத்துக்குள்ளும் கறுப்பும்தான் மிச்சம். மறுபடி தாடிக்காரனைப் போட்டுப் பார்த்தால், நேற்று நான் கேட்காமல் தள்ளிவிட்ட இடத்தில் தெளிவாகச் சொல்கிறான்: ‘பயந்துட்டு மெல்லிசா அடிச்சா உரியாது ப்ரோ. தூள் தூளா வரும். உரியணும்னா நல்லா கனமா இன்னும் ரெண்டு மூணு கோட் அடிச்சுட்டுதான் உரிக்கணும்.’ அதாவது காரைப் பச்சையாக்க வேண்டுமென்றால் அதை இன்னும் கறுப்பாக்க வேண்டும். அடித்தேன். இரண்டு மணிக்கு நாலாவது பூச்சு. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு.

பயந்துட்டு என்று எப்படிக் கண்டுபிடித்தான்? அவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு யாருக்கோ சொன்னது, ஆனால் நேராக என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் பயந்துதான் அடித்தேன். மூன்று பூச்சையும் சேர்த்து மூன்று டப்பா கூட ஆகவில்லை, வாங்கியது பன்னிரண்டு. புஸ் என்று அடித்துவிட்டு உடனே கையை எடுத்துவிடுவேன், சாமி படத்துக்குப் பன்னீர் தெளிப்பது போல. இத்தனைக்கும் எனக்கு உத்தியோகமே இதுதான். கணபதிப் பகுதியில் ஒரு பம்பு செட்டுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாடு. பெயிண்ட் அடித்து வருகிற ஒவ்வொரு பம்பின் மேலும் கருவியை வைத்து எத்தனை மைக்ரான் கனம் என்று பார்த்து, குறைந்தால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புகிறவன் நான். பெயிண்டு பிரிவு ஆறுச்சாமி என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘மனசார அடிச்சாத்தானுங்க நிக்கும் ஆறுச்சாமி, ஒப்புக்கு அடிச்சா நிக்காது’ என்று எத்தனை தடவை அவருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன். இப்போது ஆறுச்சாமி இந்தக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தால், சிவப்பு ஸ்டிக்கரைக் காருக்கு ஒட்ட மாட்டார், நேராக என் நெற்றியில் ஒட்டுவார். ஒட்டட்டும். ஆனால் ஒன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது: நிற்பதற்குத்தான் கனம் வேண்டும் என்று நினைத்திருந்தேன், அழிப்பதற்கும் கனம் வேண்டியிருக்கிறது. அரை மனசாகச் செய்தால் செய்ததாகவும் ஆகாது, செய்யாததாகவும் ஆக்க முடியாது. இதை ஒரு நல்ல தத்துவமாக யாரிடமாவது சொல்லலாம், ஆனால் மணி இரண்டு பதினேழு.

கேட்டின் மேல் ஒரு தலை தெரிந்தது. எதிர் வீட்டு ருக்குமணியக்கா. அவர் எப்போதும் கேட்டைத் திறப்பதில்லை, அதன் மேல் முகவாயை வைத்துக்கொள்வார், அதனால் பேசுவது கேட்டே பேசுவது போல இருக்கும். “ஏந்தம்பி, என்ன வாசம் இது? பலூனு கருகுன மாதர அடிக்குது?” என்றார். ஒன்றுமில்லைங்க அக்கா, காருக்குச் சும்மா என்றேன். “காருக்குத் தாரு பூசறீங்களா?” தார் இல்லைங்க, ரப்பர் என்றேன். ஏன் சொன்னேன்? தார் என்றே விட்டிருக்கலாம். “ரப்பரா? மழைக்குங்களா?” ஆமாங்க, மழைக்கு என்றேன். மேலே பார்த்தார். ஐப்பசி மேகம் கூடிக்கொண்டிருந்தது. “நல்லாருந்துச்சே தம்பி பச்சை. நானெல்லாம் நம்ம தெருவுக்கு அடையாளமே அதத்தான் சொல்றது. பச்சக்காரு நிக்குமுங்க, அதுக்கு எதுத்தாப்பல ஊடுன்னு. இனி என்னன்னு சொல்லட்டும்?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. “பூங்கோதைக்குத் தெரியுமுங்களா?” என்று அடுத்து கேட்டார், அதுவும் நியாயமான கேள்வி. நான் டப்பாவை எடுத்துக் கடகடவென்று குலுக்க ஆரம்பித்தேன். உள்ளே ஒரு குண்டு உருளும் சத்தம், அதற்கு மேல் எதுவும் கேட்காது. இருபது நிமிடம் ஆகவில்லைதான், ஆனாலும் ஐந்தாவது பூச்சை ஆரம்பித்துவிட்டேன், இந்தத் தடவை கையை எடுக்காமல், பானட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. கனமாக விழுந்தது. ஈரத்தில் பளபளவென்று மின்னியது. நன்றாகத்தான் இருக்கிறது, சனியன், நன்றாக இருக்கிறது.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாலிடெக்னிக் கூட்டாளிகள் கூடுகிறோம். அதற்குத்தான் இவ்வளவும். போன தடவை கூடியபோது இந்தக் காரில்தான் போனேன், மண்டபத்து வாசலில் இறங்குவதற்குள் எவனோ ‘கிளி வந்திருச்சுடா’ என்றான், அவ்வளவுதான், அன்று சாப்பாட்டுப் பந்தியில் எனக்குக் கொய்யாப்பழம் வைத்தார்கள். வைத்ததைச் சாப்பிட்டேன். கம்பெனியிலும் கிளி சார்தான், நேரில் இல்லை, நான் திரும்பிய பிறகு. ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள், கறுப்புக் காரில் போய் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் உரித்துப் போட்டுவிடலாம். பூங்கோதை மத்தியானம்தான் வருவாள், அவளுக்கே தெரியாது. இவ்வளவு சின்ன ஆசைக்கு டப்பாக்களைக் கம்பெனி முகவரிக்கு வரவழைத்து, மதியச் சாப்பாட்டுப் பையில் இரண்டு இரண்டாக வீட்டுக்குக் கொண்டு வந்து, பரணில் முறுக்கு அச்சுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, கம்பெனிக்கு இரண்டு நாள் லீவும் போட்டேன். கள்ளக் கடத்தல் செய்கிறவன்கூட இவ்வளவு சிரமப்படுவதில்லை.

இந்த நிறம் வேண்டாம் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிற்று. சொல்லவில்லை. மாமனாரிடம் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் வேண்டாம் என்ற சொல்லை நான் சொன்னதே இல்லை. பெரிய கொடுமைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது, நாச்சிமுத்து மாமா எறும்பை மிதித்தால்கூட நின்று பார்க்கிற மனிதர். அதுதான் தொல்லையே. கொடுமைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பாசத்தோடு கையில் கரண்டியை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? மறுவீட்டு விருந்தில் மூன்றாவது தடவை சோறு போட வந்தார். வயிறு முட்டிவிட்டது. ‘வெய்க்கட்டுங்களா மாப்ள?’ என்றார், ‘செரிங்க மாமா’ என்றேன், அன்றைக்கு வாயிலிருந்து விழுந்த அந்தச் செரிங்க மாமா இன்றுவரைக்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்றாலும் செரிங்க மாமா, வருடத்துக்கு நானூறு தேங்காய் அனுப்பினாலும் செரிங்க மாமா, அதில் முன்னூறு கொப்பரையாகிப் போகும். எனக்குத் தேங்காய்ச் சட்னியே ஒத்துக்கொள்வதில்லை, அதுவும் அவருக்குத் தெரியாது.

கார் வந்த கதையும் அப்படித்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி நோம்பிக்கு நானும் பூங்கோதையும் ஸ்கூட்டரில் உடுமலைக்குப் போனோம். பல்லடம் தாண்டியதும் பிடித்த மழை ஊர் எல்லை வரைக்கும் விடவில்லை. வாசலில் போய் நின்றபோது பூங்கோதைக்கு உதடு நீலமாகிவிட்டது. அவளுக்கு அப்போது உடம்பும் சரியில்லை, இரண்டாவது தடவையும் கரு தங்காமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாமா வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மகளுக்குத்தான் தரப்போகிறார் என்று நினைத்தேன், என் தலையைத் துவட்டினார். ‘நனஞ்சு போயிட்டீங்க மாப்ள’ என்றார், அவ்வளவுதான். பத்தாம் நாள் எங்கள் வாசலில் இந்தக் கார் நிற்கிறது, அவரே கூட வந்திருக்கிறார், சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து. ‘நெறம் நானே பொறுக்குனதுங்க மாப்ள. நல்லா முத்துன தென்னோலை நெறம். கண்ணுக்குக் குளுமையா, பாந்தமா இருக்குமுங்க’ என்றார். நான் காரைப் பார்த்தேன். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, பாதி நன்றியில், பாதி நிறத்தில். தென்னந்தோப்புக்காரர், எதைப் பார்த்தாலும் தென்னையாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். ‘புடிச்சிருக்குங்களா மாப்ள?’ என்றார். செரிங்க மாமா என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில்கூட இல்லை.

மணி இரண்டு ஐம்பது. ஐந்தாவது காய்ந்துகொண்டிருக்கிறது, ஆறாவதும் அடித்தால் உரியும். ஆனால் அடித்ததும் உரியாது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் கடைசிப் பூச்சுக்குப் பிறகு நாலு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. நாலு மணி நேரம் என்றால் ஏழு. மூன்றரைக்கும் ஏழுக்கும் நடுவே மாமனாரை எங்கே வைப்பது? டாக்சி பஞ்சராகலாம். கணபதி சிக்னலில் மாட்டலாம். டாக்டர் இன்னொரு சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லலாம். டாக்டர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஆபரேசன் பண்ணின கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், முகம் கழுவவே கூடாதாம். வெளித் தண்ணீர்தானே படக் கூடாது, உள்ளே இருந்து வருகிற தண்ணீர்? இந்தக் காரைப் பார்த்து அவர் அழுதுவிட்டால்? சத்தமாக அழுகிற ஆள் இல்லை, பேசாமல் நிற்பார், புதுக் கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு இறங்கும், அந்த ஒரு சொட்டில் உள்ளே வைத்த லென்ஸ் நகர்ந்துவிடும், அப்புறம் உடுமலையில் பொங்கலுக்குப் போனால் திண்டாட்டம்தான், இவுருதான் மாமனாரு கண்ணப் புடுங்குன மருமகன் என்று காட்டுவார்கள். கண் பிடுங்கிக் கிளி. அந்தப் பேருக்கு வெறும் கிளியே தேவலாம். தார்ப்பாயைப் போட்டு மூடிவிடலாமா? ஈர ரப்பரில் தார்ப்பாய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார்ப்பாயையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். காரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லலாமா? சொல்லிவிட்டு அதை எங்கே நிறுத்துவது? உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது, அது வந்த வழியே போய்விட்டது.

ஆறாவது பூச்சை அடித்து முடித்தேன். மனசார, ஓட்டை ஒடிசல் இல்லாமல். எட்டு டப்பா காலி. ஓரத்தில் ஒட்டியிருக்கிற டேப்பையெல்லாம் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உரித்துவிட வேண்டும், காய்ந்தால் கறுப்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அதையும் தாடிக்காரன் சொல்லியிருந்தான். கண்ணாடியிலிருந்து செய்தித்தாளை உரித்தேன், விளக்கிலிருந்து உரித்தேன், நம்பர் பலகையிலிருந்து உரித்தேன், பானட்டுக்கு வந்து நின்றுவிட்டேன். பானட்டின் நடுவில் ஒரு வட்டம், டேப்பை டம்ளர் வைத்து வெட்டி நானே ஒட்டியது. போன வாரம் ஆயுத பூஜைக்குப் பூங்கோதை வைத்த சந்தனமும் குங்குமமும் அதற்கு அடியில் இருக்கிறது. ‘பூசை பண்ணுன பொட்டு, அதக் கையில அழிக்கக் கூடாதுங்க, அதுவாத்தேன் போகோணும்’ என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள். நேற்று காரைக் கழுவும்போது தலையிலிருந்து கால்வரை தேய்த்தவன் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். மாமனாரின் காரை ரகசியமாகக் கறுப்பாக்கத் துணிந்தவனுக்கு ஒரு பொட்டை அழிக்கத் துணிச்சல் வரவில்லை, எல்லாத் துரோகத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மெதுவாக வட்டத்தைத் தூக்கினேன். அழகாக வந்தது. பளபளக்கிற கறுப்பின் நடுவே ஒரு டம்ளர் வாயளவு பச்சை, பச்சையின் நடுவே சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். வாசலில் டாக்சி நிற்கிற சத்தம் கேட்டது. மணி மூன்று ஐந்துதான் ஆகியிருந்தது.

பூங்கோதை முதலில் இறங்கினாள், கையில் மருந்துப் பை, காரைப் பார்த்ததும் அந்தப் பை இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் மாமா, வெள்ளை வேட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. கேட்டுக்குள் வந்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், வாங்க மாமா என்றுதான் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். “அப்பா, கழட்டக் கூடாதுன்னாங்க” என்றாள் பூங்கோதை. “சித்த இரு” என்றார். காரை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார், மறுபடி பின்னாலிருந்து முன்னால், பானட்டில் வந்து நின்றார். குனிந்தார். அந்தப் புதுக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் வருகிறதா, வருகிறதா என்று.

“இதென்ன நெறமுங்க மாப்ள?” என்றார், வட்டத்தின் மேல் விரலை வைக்காமல் காட்டி. “பழைய நெறமுங்க மாமா” என்றேன். “எதோட பழைய நெறம்?” “காரோடதுங்க. நீங்க வாங்கிக் குடுத்தது.” அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். இடது கையால் புதுக் கண்ணைப் பொத்தாமல் மறைத்துக்கொண்டு, ஆபரேசன் பண்ணாத இடது கண்ணால் மட்டும் வட்டத்தைப் பார்த்தார். “இதுல பாத்தா தென்னோலை” என்றார் தனக்குத்தானே. கையை மாற்றினார். புதுக் கண்ணால் பார்த்தார். மறுபடி இடது, மறுபடி வலது, ஒரு தடவை பூங்கோதையின் சேலையைப் பார்த்தார், ஒரு தடவை வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார், அதுவும் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். “ஏ பூங்கோத” என்றார், “இந்தக் கண்றாவியவா நானு வாங்கியாந்து நிறுத்துனேன்?” அவள் என்னைப் பார்த்தாள், நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். பத்து வருடமாகக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது, ‘என்ற கண்ணு கழுகுக் கண்ணு’ என்று சொல்லி ஆபரேசனைத் தள்ளிக்கொண்டே வந்த மனிதர், அந்தப் புரை வழியாகத்தான் நிறம் பொறுக்கியிருக்கிறார். அவர் கொடுத்தது பாந்தமான தென்னோலைதான், எங்களுக்கு வந்து சேர்ந்ததுதான் கிளி. “ஒம்போது வருசமா இதுலயாங்க மாப்ள போனீங்க? கம்பெனிக்கு? கல்யாணங்காச்சிக்கு?” என்றார். ஆமாங்க மாமா என்றேன். “ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? நானென்ன கடிச்சா போடுவேன்?” என்றார். குரல் உடைந்த மாதிரி இருந்தது. நான் பதறிப்போய், அழுதராதீங்க மாமா, கண்ணுக்கு ஆகாது என்றேன். “நானெங்கீங்க அழுவறேன், நீங்கதான அழுவறீங்க” என்றார். உண்மைதான். நான்தான் அழுதுகொண்டிருந்தேன், எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

அவர் துண்டை எடுத்துப் பாதி நீட்டிவிட்டு, என் கையிலிருந்த கறுப்பைப் பார்த்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். காரைச் சுற்றி வந்தார். முகம் தெளிந்துவிட்டது. “கறுப்பு நல்லாத்தான் இருக்குது. எடுப்பா இருக்குது. நல்ல வேல பண்ணுனீங்க மாப்ள” என்றார். அவ்வளவுதான், போயிற்று. பத்தொன்பது வருடத்தில் நானாகச் செய்த ஒரே ஒரு காரியம், அதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் வரைக்கும் அது என் குற்றமாகவாவது இருந்தது. மாமா இப்போது கதவு ஓரத்தில் குனிந்து, “இங்க கொஞ்சம் உட்டுப்போச்சு பாருங்க” என்கிறார், டிக்கிப் பக்கம் போய், “இங்கென்ன, எலி கடிச்ச மாதர?” என்கிறார், நான் சுரண்டிய இடம், கனமாக இரண்டு தடவை அடித்தும் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது, நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் காட்டுகிற இடத்திலெல்லாம் அடித்துக்கொண்டே பின்னால் போகிறேன், செரிங்க மாமா, செரிங்க மாமா. ஒரு முழுச் சுற்று வந்து பானட்டுக்கு முன்னால் நின்றோம். “ம்ம், இந்த ஓட்டையையும் மூடிப்போடுங்க. கண்ணு கூசுது” என்றார்.

டப்பாவை நீட்டினேன். விரல் அதன் தலையின் மேல் இருந்தது, ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அந்தப் பச்சையைப் பார்த்தேன். ஒன்பது வருடமாக இதைத் தலையெழுத்தே என்று ஓட்டியிருக்கிறேன், கொய்யாப்பழம் தின்றிருக்கிறேன். மழையில் நனைந்து போன இரண்டு பேருக்காகக் கண் தெரியாத ஒருவர் கடை கடையாக ஏறித் தடவித் தடவிப் பொறுக்கிய நிறம், ஊரிலேயே நல்ல நிறம் என்று நம்பிப் பொறுக்கியது. ஒரு டம்ளர் வாயளவுதான் மிச்சம் இருக்கிறது. “அடிங்க மாப்ள” என்றார்.

“வேண்டாங்க மாமா.”

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பூங்கோதை மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டாள். கேட்டின் மேல் ருக்குமணியக்காவின் முகவாய், அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. “அது இருக்கட்டுங்க மாமா” என்றேன், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, “எனக்கு அது வேணும்.” வானம் இடியும் என்று பார்த்தேன். மாமா என்னை ஒரு கண்ணால் பார்த்தார், இன்னொரு கண்ணால் பார்த்தார். இரண்டிலும் ஒரே ஆளாகத்தான் தெரிந்திருப்பேன் என்று நினைக்கிறேன். “செரிங்க மாப்ள” என்றார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி, காப்பிக்குத் தேங்காப் பால் முறுக்கு இருக்குதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார். இவ்வளவுதானா? இந்தச் செரிங்க மாப்ளவைக் கேட்காமலா பத்தொன்பது வருடம் தேங்காய்ச் சட்னி தின்றேன்? டப்பாவை மூடிக் கீழே வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை இந்தப் பொட்டோடுதான் போகப்போகிறேன், கிளி என்றால் என்றுகொள்ளட்டும். பூங்கோதை பக்கத்தில் வந்து நின்றாள். காரைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள், பொட்டு அழியாமல் இருப்பதைப் பார்த்து அவள் முகம் கொஞ்சம் இளகியது, எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: “சர்வீசுக்கு உட்டுருக்குதுன்னு சொன்னீங்க?”